ஊர்க் குடிநீர் அமைப்பில் தொலைக் கண்காணிப்பும் தொலை இயக்கமும்: செட்டிநாட்டுப் பேரூர்களுக்கான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் ஒரு பேரூரின் குடிநீர் அமைப்பு என்பது பெரும்பாலும் சில ஆழ்துளைக் கிணறுகள், ஒரு தரைமட்டத் தொட்டி, நான்கைந்து மேல்நிலைத் தொட்டிகள், தெருமுனைகளில் புதைந்திருக்கும் சில பத்து வால்வுகள் ஆகியவைதான். இவற்றின் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் ஓரிடத்தில் இருந்தபடியே பார்க்கவும், மோட்டாரையும் வால்வையும் அங்கிருந்தே இயக்கவும் உதவும் ஏற்பாட்டை ஸ்காடா என்கிறோம்.

இதை நிறுவும் ஊர்களில் கருவிகளைத் தவறாகத் தேர்ந்ததால் கெட்டவற்றைவிட, வேலையின் வரிசையை மாற்றியதால் கெட்டவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கட்டுப்பாட்டு அறையும் பெரிய திரையும் முதலில் வந்துவிடுகின்றன; திரையில் தெரியும் எண்களை நம்பலாம் என்ற நிலை வருவதற்குள் கருவிகளின் உத்தரவாதக் காலம் முடிந்துவிடுகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. வால்வு திருப்புபவருடன் தெருத்தெருவாக நடந்து வரைபடம் எழுதுங்கள்

அலுவலகத்தில் இருக்கும் குழாய் வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிய மனைப்பிரிவுக்காக நீட்டிய குழாய், அவசரத்துக்கு இணைத்த கிளைக் குழாய், தார்ச்சாலைக்கு அடியில் மறைந்துபோன வால்வு ஆகிய எவையும் அதில் ஏறியிருக்காது. பல ஆண்டுகளாக வால்வு திருப்பி வரும் பணியாளரின் நினைவில் மட்டுமே அவை இருக்கும். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் அந்த நினைவு காகிதத்துக்கு வந்தாக வேண்டும்.

ஒவ்வொரு வால்வுக்கும் அதன் இடம், குழாயின் விட்டம், குழாய் இரும்பா பி.வி.சி.யா என்பது, முழுதாக மூட எத்தனை சுற்று என்பது, எந்தெந்தத் தெருக்களுக்கு எத்தனை மணி நேரம் திறக்கப்படுகிறது என்பது ஆகியவற்றை எழுதுங்கள். சுற்றுகளின் எண்ணிக்கை அற்பமாகத் தோன்றும்; ஆனால் பின்னர் மின்மோட்டார் பொருத்தும்போது வால்வு முழுதாக மூடியதா, நடுவில் சிக்கியதா என்று சொல்வதற்கு அதுவே ஆதாரம்.

செட்டிநாட்டு வீடுகள் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீள்பவை. வீட்டின் கதவெண் ஒரு தெருவிலும், குடிநீர் இணைப்பு பின் தெருக் குழாயிலும் இருப்பது இங்கே இயல்பு. கதவெண்களை எண்ணி ஒரு வால்வின்கீழ் எத்தனை வீடுகள் என்று கணக்கிட்டால் தவறிவிடும். இணைப்பு எந்தக் குழாயில் உள்ளதோ அதைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீட்டில் நிலத்தடித் தொட்டியின் மிதவை வால்வு பழுதானால், தண்ணீர் திறந்த நாளெல்லாம் உள்ளே வழிந்துகொண்டிருக்கும்; கதவைத் தட்டிச் சொல்ல ஆள் இருக்காது. அதே வீட்டில் திருமணமோ, முன்னோருக்குச் செய்யும் படைப்போ நடக்கும் வாரத்தில் தெருவின் தேவை திடீரென உயரும். இந்தக் குறிப்பு இல்லாதவர் பின்னாளில் முதலாவதை இயல்பான பயன்பாடு என்றும், இரண்டாவதைக் குழாய் உடைப்பு என்றும் மாற்றிப் புரிந்துகொள்வார்.

2. இயந்திரப் பழுதுகளை முதலில் நீக்குங்கள்

துருப்பிடித்து இறுகிய வால்வில் மின்மோட்டாரைப் பொருத்தினால் அது வால்வின் தண்டை முறித்துவிடும், அல்லது பாதுகாப்பு வரம்பைத் தொட்டு நடுவழியில் நின்றுவிடும். கையால் எளிதாகத் திறந்து மூட முடியாத எந்த வால்வையும் தொலை இயக்கத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வழிந்தோடும் தொட்டி, மூடியும் நீரை விடும் வால்வு, தேய்ந்த ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். ஒழுகும் தொட்டியில் பொருத்திய நீர்மட்டக் கருவி, ஒழுகலையும் மக்கள் பயன்படுத்திய நீரையும் ஒன்றாகவே காட்டும்.

3. எதை அளப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்யுங்கள்

முதல் கட்டத்துக்கு நான்கு அளவுகள் போதும்: மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம், தொட்டியிலிருந்து வெளியேறும் ஓட்டம், மோட்டாரின் மின்னோட்டமும் மின்னழுத்தமும், ஒவ்வொரு பகுதியிலும் கடைசித் தெருவில் உள்ள அழுத்தம். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரைப் பெறும் ஊராக இருந்தால், அந்த நீர் உங்கள் தரைமட்டத் தொட்டிக்குள் வரும் இடத்தில் உங்களுக்கெனத் தனியாக, ஓட்டத்தை அளக்கும் ஒரு ஃப்ளோ மீட்டரும் வேண்டும். எவ்வளவு வந்தது என்பதே தெரியாதபோது எவ்வளவு வீணானது என்று சொல்ல வழியில்லை.

*நீர்மட்டம்.* தொட்டியின் அடியில் தங்கி நீரின் எடையை உணரும் சென்சார் எங்கள் பக்கத்து வெயிலுக்கு நன்றாக ஒத்துவருகிறது. தொட்டியின் மேல்தளத்தில் பொருத்தும் ஒலியலைக் கருவியும் நல்லதுதான். ஆனால் மூடிய தொட்டிக்குள் அதன் முகத்தில் நீர்த்திவலை படிந்தால் அளவு தடுமாறும், கருவிக்கு மிக அருகில் வரும் நீரை அதனால் அளக்கவும் முடியாது.

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் சென்சாரின் அளவெல்லை. 2 லட்சம் லிட்டர் கொள்ளும், 4 மீட்டர் ஆழமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைத்தது என்று 10 பார் அழுத்தம் வரை அளக்கும் சென்சாரைப் போட்டால், அது ஏறத்தாழ 100 மீட்டர் நீருக்கானது. அதன் பிழை முழு அளவில் அரை விழுக்காடு என்றாலும் அது அரை மீட்டர். இந்தத் தொட்டியில் அரை மீட்டர் என்பது 25,000 லிட்டர். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகரக் குடிநீர் அளவின்படி, அது 185 பேரின் ஒரு நாள் தண்ணீர். அரை பார் வரை மட்டும் அளக்கும் சென்சாரில் இதே பிழை இரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

இந்த வகைச் சென்சாரின் கேபிளுக்குள் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழல் ஒன்று உண்டு. மழை இறங்கிவிடும் என்று அஞ்சி அதன் முனையைப் பசையால் அடைத்துவிடும் தொழிலாளர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடைத்தால் வெப்பமும் காற்றழுத்தமும் மாறும்போதெல்லாம் நீர்மட்டமும் மாறுவதாகக் காட்டும். முனையை ஈரம் புகாத சிறு பெட்டிக்குள் திறந்தபடியே விட வேண்டும். தொட்டி கழுவ இறங்குபவர்களின் காலில் சென்சார் இடறாமல் இருக்க, துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை நிறுத்தி அதற்குள் இறக்குங்கள்.

*ஓட்டம்.* மின்காந்த ஃப்ளோ மீட்டர் குழாய் முழுதாக நிரம்பியிருந்தால் மட்டுமே சரியாக அளக்கும். நம் ஊர்களில் தண்ணீர் குறித்த சில மணி நேரம் மட்டுமே திறக்கப்படுவதால், மற்ற நேரத்தில் குழாய் காலியாகிக் காற்று நிரம்புகிறது. ஆகவே மீட்டரை நீர் மேலேறும் செங்குத்துப் பகுதியிலோ, எப்போதும் நீர் தேங்கும் தாழ்வான பகுதியிலோ பொருத்த வேண்டும். குழாய் காலி என்பதை உணர்ந்து கணக்கை நிறுத்தும் வசதியையும் இயக்கிவிட வேண்டும். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 5 மடங்கும், பின்னால் 3 மடங்கும் நேர்க்குழாய் இருக்கட்டும். வளைவுக்கோ வால்வுக்கோ ஒட்டினாற்போல் வைத்தால் நீர்ச்சுழல் அளவைக் கெடுக்கும். பி.வி.சி. குழாயாக இருந்தால் மீட்டருக்கு, நீரை எர்த்துடன் இணைக்கும் உலோக எர்த் வளையங்கள் கட்டாயம்.

*குளோரின்.* கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மீதக் குளோரின் இருக்க வேண்டும் என்பதால், கருவியைக் கடைசித் தெருவிலேயே வைக்கத் தோன்றும். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் குழாயில் அந்தச் சென்சாரின் சவ்வு காய்ந்து சில வாரங்களில் பயனற்றுப் போகும். நீர் தொடர்ந்து ஓடும் நீரேற்று நிலையத்தில் கருவியை வையுங்கள். கடைசித் தெருவில் கையால் செய்யும் குளோரின் சோதனையை நிறுத்தாதீர்கள்.

4. மின்சாரம், மின்னல், வெயில், பல்லி

கருவிகளுக்கு 24 வோல்ட் பேட்டரி வழியாக மின்சாரம் கொடுங்கள். மின்வெட்டின்போது மோட்டார் நிற்கலாம், ஆனால் தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்ற தகவல் நிற்கக் கூடாது; அந்த நேரத்தில்தான் அது மிகவும் வேண்டியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழையில் ஊரிலேயே உயரமான பொருள் மேல்நிலைத் தொட்டிதான். தொட்டி உச்சியிலிருந்து கீழே வரும் சென்சார் கேபிள் மின்னலின் விளைவை நேராகக் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலுக்குள் கொண்டுவரும். இடிதாங்கி தனி, கேபிளின் இரு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பான் தனி. இரண்டும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மறுபக்கத்தில் இருப்பது போய்விடும்.

பேனல் பெட்டிக்கு மேல் சிறு கூரை அமைத்து, மேற்கு வெயில் படாத பக்கமாகத் திருப்பி வையுங்கள். கேபிள் நுழையும் துளைகளை முறையாக அடைக்க வேண்டும். பல்லியும் எறும்பும் உள்ளே போய், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் இடுக்கில் சிக்குவதால் நின்ற மோட்டார்கள் இந்தப் பகுதியில் ஏராளம்.

5. தகவல் செல்லும் வழி

கைப்பேசி வலையமைப்பை நம்புவதானால், சிம் கார்டின் சைகை வலிமையைப் பேனல் இருக்கும் இடத்தில், கதவை மூடிய நிலையில், காலையிலும் மாலையிலும் அளந்து பாருங்கள். இரும்புப் பெட்டிக்குள் சைகை விழாது. ஆன்டெனா வெளியே இருக்க வேண்டும். இரு வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகளை ஏற்கும் கருவி நல்லது.

தொட்டிக்கும் அதை நிரப்பும் கிணற்றுக்கும் இடையே நேரடி ரேடியோ இணைப்பை நான் விரும்புகிறேன். செட்டிநாடு சமநிலம்; தொட்டிகள் உயரமானவை; இடையில் பார்வைத் தடை குறைவு. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்பதால் செலவும் குறைவு. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கோபுரம் நின்றுபோனாலும் கிணறும் தொட்டியும் பேசிக்கொண்டிருக்கும்.

இணைப்பு அறுந்த நேரத்து அளவுகளைக் களக்கருவியே நேரமுத்திரையுடன் சேமித்து, இணைப்பு திரும்பியதும் அனுப்ப வேண்டும். இதைக் கேட்டு வாங்காவிட்டால், மழை நாட்களின் பதிவுகள் முழுவதும் ஓட்டையாக இருக்கும்.

கருவிகள் தகவல் பரிமாறும் மோட்பஸ் என்ற நெறிமுறை வழியாக அவற்றை இணைக்கும்போது எண்கள் தாறுமாறாக வந்தால் கருவியைக் கழற்றுவதற்கு முன் நான்கைப் பாருங்கள்: இரு கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா, ஒரே முகவரி இரு கருவிகளுக்கு உள்ளதா, பதிவேட்டு எண் ஒன்று தள்ளியிருக்கிறதா, பெரிய எண்ணின் இரு பாதிகளும் முன்பின்னாக வருகின்றனவா. நான் போய்ப் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் அடங்கிவிட்டன.

6. பெயரிடும் முறையை எழுதிவையுங்கள்

‘டேங்க் 1’, ‘மோட்டார் 2’ என்ற பெயர்கள் ஒரே ஊர் இருக்கும்வரை செல்லும். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகி, கோட்டையூரும் கண்டனூரும் அதனுடன் சேர்ந்ததைப் போன்ற இணைப்பு நடந்தால், ஒவ்வோர் ஊரின் முதல் தொட்டிக்கும் ஒரே பெயர் இருக்கும். ஊர், பகுதி, கருவி, வரிசை எண் என்ற அமைப்பில் முதல் நாளே பெயரிட்டு, அதே பெயரைத் தொட்டித் தூணிலும் பெயின்டால் எழுதுங்கள். திரையில் ஒரு பெயர், ஊழியர் வாயில் வேறொரு பெயர் என்று இருந்தால் அவசர நேரத்தில் தவறான வால்வு மூடப்படும்.

7. ஒப்பந்தப் பத்திரத்தில் இவற்றை எழுதாமல் கையெழுத்திடாதீர்கள்

முதல் ஆறு படிகள் முடிந்த பிறகே ஒப்பந்தப்புள்ளி கோருங்கள். அப்போதுதான் என்ன வேண்டும் என்பதை வழங்குநர் அல்லாமல் நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். களக்கருவிகளில் ஏற்றிய நிரல்களின் மூலப் பிரதி, எல்லாக் கடவுச்சொற்கள், கம்பியிணைப்பு வரைபடம் ஆகியவை உள்ளாட்சி அமைப்பின் சொத்து என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். நான் பணியாற்றிய ஓர் ஊரில் இது எழுதப்படவில்லை. வேலை செய்தவர்கள் விலகிய பிறகு, ஒரு தொட்டியின் உச்ச மட்டத்தை 20 சென்டிமீட்டர் மாற்றுவதற்காகக் கடவுச்சொல் தெரியாத பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவியையே மாற்ற வேண்டியிருந்தது. பொதுப்பணம் அப்படிப் போனதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

கருவிகள் திறந்த நெறிமுறையில் பேச வேண்டும், உதிரிகள் ஊரிலேயே இருப்பில் இருக்க வேண்டும், பராமரிப்புக்கு வருபவர் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்பவற்றையும் சேருங்கள்.

8. மூன்று மாதம் பார்க்க மட்டும் செய்யுங்கள்

கருவிகள் பொருத்தப்பட்டதும் தொலைவிலிருந்து மோட்டாரை இயக்கிக் காட்டும்படி மேலதிகாரிகள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். தவறான நீர்மட்டத்தை நம்பித் தானாக இயங்கும் மோட்டார், ஒன்று தொட்டியை வழியவிடும், அல்லது ஒரு பகுதிக்குத் தண்ணீர் இல்லாமல் செய்யும்.

இந்த மூன்று மாதத்தில் வாரம் ஒருமுறை தொட்டியில் அளவு நாடாவை இறக்கித் திரையின் எண்ணுடன் ஒப்பிடுங்கள். ஃப்ளோ மீட்டரைச் சோதிக்க, தொட்டிக்கு வரும் குழாயை மூடி, ஒரு மணி நேரம் வெளியே மட்டும் விடுங்கள். மேலே சொன்ன தொட்டியில் மட்டம் 40 சென்டிமீட்டர் இறங்கினால் 20,000 லிட்டர் போயிருக்க வேண்டும். மீட்டர் 16,000 காட்டினால் காற்றோ, வளைவோ, தவறான அமைப்போ காரணம்.

பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரையிலான பதிவை ஒவ்வொரு நாளும் பாருங்கள். வெளியேறும் வால்வு மூடியிருக்கும் அந்த நேரத்தில் மட்டம் இறங்கினால், தொட்டி ஒழுகுகிறது அல்லது வால்வு முழுதாக மூடவில்லை. கசிவைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் திருவிழா போன்ற பெருங்கூட்ட நாட்கள் இந்தக் காலத்துக்குள் வந்தால் நல்லது. வழக்கமான நாளின் ஓட்டமும் திருவிழா நாளின் ஓட்டமும் எப்படி வேறுபடுகின்றன என்று தெரிந்த பிறகு வைக்கும் எச்சரிக்கை வரம்புகளே பொருந்தும்.

இந்த எண்களைக் கொண்டு மோட்டார் இயக்குபவரையோ வால்வு திருப்புபவரையோ தண்டிக்கத் தொடங்காதீர்கள். அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தார் என்று ஒருவருக்கு விளக்கக் கடிதம் போனால், அடுத்த வாரமே அந்த இடத்துக் கேபிள் துண்டாகும், அல்லது அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வதை நிறுத்திவிடுவார். கருவி அவருடைய அலைச்சலைக் குறைக்க வந்தது என்பதை அவர் அனுபவத்தில் காண வேண்டும்: நள்ளிரவில் தொட்டி நிரம்பியதா என்று பார்க்கச் சைக்கிளில் போக வேண்டியதில்லை என்பதே அவருக்கு முதல் பயனாக இருக்கட்டும்.

9. எச்சரிக்கைகளைக் குறைவாக வையுங்கள்

ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஒரு பொறுப்பாளரும், அவர் செய்ய வேண்டிய ஒரு செயலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை நீக்கிவிடுங்கள். நாளுக்கு நூறு செய்தி வரும் கைப்பேசியை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் அலைவதால் வரம்பைத் தொட்டுத்தொட்டு மீளும் அளவுக்கு ஓரிரு நிமிடத் தாமதம் வைத்தால், ஒரே நிகழ்வு பல எச்சரிக்கையாகப் பெருகாது.

4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை தரும் சென்சாரில் காலித் தொட்டிக்கு 4, அறுந்த கம்பிக்கு 0 என்று வரும். இரண்டையும் ‘தொட்டி காலி’ என்று காட்டும்படி விட்டுவிடுவது பரவலான பிழை. கம்பி அறுந்தது என்பது தனி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதற்குப் போக வேண்டியவர் மின்பணியாளர், மோட்டார் இயக்குபவர் அல்லர்.

10. முதலில் மோட்டார், பிறகு வால்வு

மோட்டாரைக் காக்கும் தடைகள் எல்லாம் மோட்டார் அறையின் பேனலிலேயே இயங்க வேண்டும்: கிணற்றில் நீர் இல்லாதபோது ஓடாமை, மூன்றில் ஒரு மின்கட்டம் இழந்தால் நிற்றல், தொட்டி நிரம்பினால் நிற்றல். இவற்றில் எதுவும் அலுவலகக் கணினியை நம்பி இருக்கக் கூடாது.

தொட்டியின் தகவல் வராமல் போனால் மோட்டார் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தொட்டி நிரம்ப வழக்கமாக 3 மணி நேரம் ஆகும் என்றால், தகவல் இல்லாத நிலையில் அதற்குச் சற்று மேல் ஓடித் தானே நின்றுவிடும்படி அமைக்கலாம். இயங்கும் மட்டமும் நிற்கும் மட்டமும் நன்கு இடைவெளி விட்டு இருக்கட்டும். நெருங்கி இருந்தால் மோட்டார் அடிக்கடி நின்று நின்று ஓடிச் சுருள் எரிந்துவிடும். மின்வெட்டு முடிந்ததும் எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் எழாமல், ஒன்றன்பின் ஒன்றாக எழ வேண்டும்.

வால்வில் அவசரம் ஆபத்து. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் இரும்புக் குழாயில் சட்டென நிறுத்தப்பட்டால், ஏறத்தாழ 100 மீட்டர் நீருயரத்துக்கு ஈடான அழுத்தம் எழுகிறது. கையால் பல சுற்றுத் திருப்பியபோது இயல்பாகக் கிடைத்த நிதானம், பொத்தானை அழுத்தும்போது கிடைப்பதில்லை. ஆகவே மூடும் நேரத்தைப் பல நிமிடங்களாக நீட்டுங்கள். திறக்கும்போது காற்று வெளியேற அவகாசம் கொடுங்கள். காற்று வால்வுகள் இயங்குகின்றனவா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

களத்தில் கையால் இயக்கும் மாற்றுவிசை எப்போதும் மேலானதாக இருக்க வேண்டும். ஒருவர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து கட்டளை வந்தால் உயிர் போகும். பணி தொடங்குபவர் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டிட்டு, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்வதைத் தவிர வேறெந்த ஏற்பாட்டையும் நம்ப வேண்டாம்.

11. கதவைப் பூட்டுங்கள்

களக்கருவிகளை இணையத்தில் எவரும் எட்டும்படி விடாதீர்கள். தனிவலை வழியாக மட்டும் அணுகச் செய்யுங்கள். ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். பணியிலிருந்து விலகுபவரின் கணக்கை அன்றே நீக்குங்கள். 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில், கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவிய நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் ரேடியோ வழியாகக் கட்டளை அனுப்பி, சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீரை நீர்நிலைகளிலும் பூங்காக்களிலும் கலக்கச் செய்தார். கட்டளைகள் உண்மையானவைபோலவே வந்ததால், நெடுநாள் வரை அது கருவிக் கோளாறு என்றே கருதப்பட்டது.

இந்தியாவில் இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள நடைமுறை. தெரிவிக்க வேண்டியவர் யார் என்பதைக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

12. மாதத்தில் ஒருநாள் கையால் இயக்குங்கள்

மாதம் ஒருமுறை, முன்னறிவித்த ஒரு காலைப்பொழுதில் திரையை அணைத்துவிட்டு, ஊருக்கான முழு நீர் வழங்கலையும் கையால் செய்யுங்கள். வால்வுகள் இறுகாமல் இருக்க இது உதவும். புதிதாகச் சேர்ந்த பணியாளருக்கு எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பதும் இதில்தான் பழகும். அன்று யார் எந்த வால்வை எத்தனை சுற்றில் மூடினார் என்பதை முதல் படியில் எழுதிய ஏட்டுடன் ஒப்பிட்டு, மாறியிருந்தால் அந்த ஏட்டிலேயே தேதியிட்டுத் திருத்துங்கள்.